மதியம் வரைக்கும் மிஸ்

ரெஜினா மிஸ்ஸுக்குப் பிள்ளைகள் மதியம் வரைக்கும்தான். காலையில் வந்து இறங்கும்போது அவளை யாரோ மாதிரி பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வருவார்கள், பிறகு மடியில் ஏறுவார்கள், சாப்பாட்டு நேரத்தில் ரெஜினா மிஸ் ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிப்பார்கள். அப்புறம் தூங்குவார்கள். தூங்கி எழுந்தால் மறுபடியும் அவள் யாரோ.

ஓசூரில், அந்த பேட்டரித் தொழிற்சாலைக்குள் இருந்த மழலைப் பள்ளியில் எல்லா டீச்சர்களுக்கும் இதே கதைதான். சிலர் பழகிக்கொண்டார்கள், சிலர் வேலையை விட்டுப் போனார்கள். ரெஜினா பழகவும் இல்லை, போகவும் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "தினமும் காலையில கல்யாணம், மத்தியானம் விவாகரத்து. இப்படி ஒரு பொழப்பு வேற எவளுக்காவது உண்டா?" என்று பருப்புசாதத்தைப் பிசைந்துகொண்டே ஆயாவிடம் கேட்பாள்.

இது யாருடைய கெட்ட எண்ணத்திலும் ஆரம்பித்ததில்லை. தொழிற்சாலையில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நீண்ட ஷிஃப்ட். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் பள்ளியில் இருந்தார்கள், அதனால் டீச்சரை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாயந்திரம் கேட்டில் வந்து நிற்கும் சொந்த அம்மாவைப் பார்த்து அழுதார்கள். அப்படி ஒரு அழுகையைப் பார்த்துவிட்டுப் போன பெண் அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டாள். நிர்வாகம் உட்கார்ந்து யோசித்தது. அம்மாக்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது ஒரு வழி. பிள்ளைகளின் மனதை மாற்றலாம் என்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் சுலபமாகத் தெரிந்தது.

மோகனா தன் மகள் தன்ஷிகாவைக் கொண்டுவந்து சேர்த்தபோது குழந்தைக்கு மூன்று வயது முடிந்திருந்தது. மோகனா போளூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டான் என்பதை, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? தூக்க அறையைப் பார்த்துக்கொள்ளும் இர்ஃபான் அவளுக்கு ஒரு மெல்லிய துணிக் குல்லாவைக் காட்டினான். உள்பக்கம் தலைமுடியைவிட மெலிசான கம்பிகள் ஓடின.

"இத்த போட்டா எம்புள்ளைக்கு எல்லாம் மறந்துபூடுமா?" என்றாள் மோகனா.

"ஒண்ணும் மறக்காதுக்கா. காலையில கத்துக்கிட்ட பாட்டு, எழுத்து, விளையாட்டு எல்லாம் அப்படியே இருக்கும். கத்துக்கும்போது ஒரு சந்தோஷம் வருதில்ல, அது ஒரு முகத்தோட முடிச்சுப் போட்டுக்கும். இங்க வந்தா மிஸ் முகத்தோட. தூங்கும்போது அந்த முடிச்சை அவிழ்த்து உங்க முகத்தோட போட்டுடுவோம். சாயந்திரம் உங்களைப் பார்த்ததும், நாள் முழுக்க நீங்கதான் கூட இருந்த மாதிரி ஓடி வருவா."

"அப்போ மிஸ்ஸு?"

இர்ஃபான் ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கேள்வியை அதுவரை எந்த அம்மாவும் கேட்டதில்லை.

"மிஸ் யாருன்னு தெரியும். பேர் தெரியும். சொன்னா கேட்டுப்பா. ஒட்டுதல் இருக்காது, அவ்ளோதான்."

"அவ்ளோதானா," என்றாள் மோகனா. சொன்ன விதத்தில் ரெஜினாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

முடிச்சு கெட்டியாக நிற்க இன்னொன்றும் வேண்டும். டீச்சர் அந்தந்தப் பிள்ளையிடம் அந்தந்தப் பிள்ளையின் அம்மாவைப்போல நடந்துகொள்ள வேண்டும். அதற்காக முதல் வாரம் அம்மாக்கள் பள்ளிக்கு வந்து டீச்சருக்குப் பாடம் எடுப்பார்கள். தாய்ப்பாடம் என்று அதற்குப் பெயர். ரெஜினாவின் வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை அம்மாக்களும் அவள் உடம்புக்குள் இருந்தார்கள். ஒரு பையனை அவன் அம்மாவைப்போலத் தெலுங்கில் அதட்டுவாள். அடுத்தவளின் மூக்கைத் துடைக்கும்போது வேறொருத்தியைப்போல முகத்தைச் சுளிப்பாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, பாவம், இந்தம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும்.

மோகனா கண்டிப்பான வாத்தியார். சோற்று உருண்டையை ஊட்டுவதற்கு முன் தன் உதட்டில் ஒற்றிச் சூடு பார்க்கவேண்டும். தலையைத் தடவக்கூடாது, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கவேண்டும். இதெல்லாம் ரெஜினாவுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. கூப்பிடுவதுதான் வரவில்லை. மோகனா மகளை எருமக்குட்டி என்று கூப்பிடுவாள். கான்வென்டில் படித்து, கான்வென்டிலேயே டீச்சர் டிரெய்னிங் முடித்த ரெஜினாவின் வாயில் அந்தச் சொல் இஸ்திரி போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"அப்டி இல்ல மிஸ். நீங்க அட்டனன்ஸ் எடுக்கற மாதிரி சொல்றீங்க. மூக்குலருந்து வரணும். எரும...க்குட்டி. திட்டற மாதிரி ஆரம்பிச்சு கொஞ்சற மாதிரி முடிக்கணும். எங்க, சொல்லுங்க."

"எருமக்குட்டி."

"ஐயே, இன்னா மிஸ் நீங்க! எருமையே கோச்சிக்கும்."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். தன்ஷிகா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தன்ஷிகாவுக்கு எல்லாம் சீக்கிரம் வந்தது. வட்டம் மட்டும் வரவில்லை. சாக்பீஸால் தரையில் பெரிதாக ஆரம்பிப்பாள், சுற்றி வருவாள், ஆரம்பித்த இடத்துக்கு வரும்போது கோடு விலகி உள்ளே போய்விடும். பார்த்தால் நத்தை. அது நத்தை என்று அவளுக்கே தெரியும், அதனால் கோபம் வந்து காலால் தேய்த்து அழிப்பாள். கோட்டின் இரண்டு முனைகளைச் சேர்ப்பது அந்த வயதில் லேசான காரியமில்லை. கை எங்கே புறப்பட்டது என்பதை மனது பிடித்துவைத்திருக்க வேண்டும். ரெஜினா அவசரப்படுத்தவில்லை. தட்டைக் கவிழ்த்து அதன் விளிம்பை விரலால் சுற்றவைத்தாள். தோசை மாவு ஊற்றுகிற மாதிரி வெறும் கையால் காற்றில் சுற்றவைத்தாள். கையைப் பிடித்துப் போட்டுக்கொடுக்க மட்டும் மாட்டேன் என்றாள். அப்படிப் போட்டால் அது டீச்சருடைய வட்டம்.

மாதக்கணக்கில் நத்தைகள். பிறகு ஒருநாள் காலையில் கோடு சுற்றி வந்தது, கடைசியில் கொஞ்சம் தயங்கியது, தொட்டது. தன்ஷிகா சாக்பீஸைத் தரையிலிருந்து எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைத் தூக்கி ரெஜினாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்காகத்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். வேறு காரணம் சொல்லும் டீச்சரை நம்ப வேண்டாம். முதல்முறையாக ஒன்று கைகூடும்போது குழந்தை அதைக் கொஞ்ச நேரம்தான் பார்க்கும். உடனே திரும்பி உங்களைப் பார்க்கும். நீயும் பார்த்தாயா என்று கேட்கும். உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அப்போது உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. ரெஜினா "எருமக்குட்டி!" என்று கத்தியேவிட்டாள், சரியாக மூக்கிலிருந்து வந்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வகுப்பே வேடிக்கை பார்க்க, கொஞ்சம் அழுதாள்.

மதியம் தன்ஷிகா தூங்கினாள். சாயந்திரம் கேட்டில் மோகனாவைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். "அம்மா! நீ சொல்லிக்குடுத்தல்ல, அந்த வட்டம் மூடிக்கிச்சு! உனக்கு அழுவையே வந்துச்சில்ல?"

ரெஜினா பையை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். மற்ற அம்மாக்கள் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மோகனா மட்டும் தினமும் நிற்பாள்.

"எப்டி இருந்துது மிஸ்? நான் பாக்கலியே. சொல்லுங்க."

ரெஜினா சொல்வாள். ஒன்றுவிடாமல் சொல்வாள். அன்றைக்கு வட்டத்தையும் சொன்னாள். மோகனா கேட்டுக்கொண்டே மகளின் தலையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தன்ஷிகா அம்மாவின் யூனிஃபார்மில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். ரெஜினாவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வலித்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ரெஜினாவுக்குத் தினமும் வலித்தது.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் மதியம், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மோகனா சாப்பாட்டு இடைவேளையில் யூனிஃபார்மோடு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். ரெஜினாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கைகழுவும் தொட்டிப் பக்கம் கொண்டுபோனாள்.

"கணையத்துல கேன்சர் மிஸ். முத்திப்போச்சாம். கத்தி வெக்கறதுக்கும் இனிமே வழியில்லியாம். இந்த மழை தாண்டறதே பெருசுன்னுட்டாங்க."

ரெஜினா அழ ஆரம்பித்தாள்.

"அழாதீங்க, எனக்கு நேரமில்ல, லைனுக்குப் போவணும். ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அவ மனசுல இருக்கறது எல்லாமே எம்மூஞ்சி. பாட்டு, வட்டம், சோறு எல்லாம். நான் பூட்டா அத்தினியும் பூடும். அதெல்லாம் உங்களுதுதான மிஸ்? நீங்களே எடுத்துக்குங்க."

"உனக்கென்ன பைத்தியமா மோகனா? பெத்தவ நீ."

"பெத்தேன். பெத்துட்டு ஷிஃப்ட்டுக்குப் போனேன். கூட இருந்தது நீங்க. நான் சாயந்திரம் வந்து சும்மா வாங்கிக்கினு போனேன். மிஸ், எனக்கு எங்கம்மா செத்தப்போ ஆறு வயசு. எப்டி இருக்கும்னு தெரியும். எம்புள்ளைக்கு அது வாணாம். அடுத்த வூட்டு அக்கா செத்த மாதிரி இருந்தா போதும். நான் செத்தா அவ அழக்கூடாது. அவளுக்குப் புடிச்சவங்க உயிரோட இருக்கணும். அது நீங்களா இருந்துட்டுப் போங்களேன்."

முடியாது என்று ரெஜினா சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் டைம் கொடு என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மோகனாவுக்காக அழுத அதே நேரத்தில், அதற்கு அடியில் ஓர் ஆசை எழுந்து நின்றது. ஒரே ஒரு பிள்ளையாவது தூங்கி எழுந்து தன்னைத் தேடாதா என்கிற ஆசை. அது வெட்கம் கெட்ட ஆசைதான். ஆனால் அது வருஷக்கணக்காகப் பட்டினி கிடந்த ஆசை.

இர்ஃபான் முடியும் என்றான். பழைய முடிச்சுகளின் தடம் எல்லாம் பதிவாகியிருக்கிறது, அம்மா சம்மதித்தால் ஒரே தூக்கத்தில் எல்லாவற்றையும் திருப்பிவிடலாம், அதற்குப் பிறகு அவளுக்குக் குல்லா போடாமல் விட்டால் போதும் என்றான். "ஆனா நல்லா யோசிச்சீங்களா?" என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டான்.

"யோசிச்சாச்சு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். இருவரும் யோசித்திருக்கவில்லை.

அடுத்த நாள் மதியம் தன்ஷிகா கண்விழித்தபோது ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை குல்லாவை இழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கியது. ரெஜினாவைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பாயிலிருந்து எழுந்து வந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டது. ரெஜினா அசையவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று பயந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் போல அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

சாயந்திரம் கேட்டில் மோகனா வந்து நின்றாள். தன்ஷிகா ரெஜினாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மா வந்துட்டாங்க மிஸ், நான் போகணுமா?" என்றாள். மோகனா நின்ற இடத்திலிருந்து அதைக் கேட்டாள். லைனில் ஒரு சரக்கு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"நல்லா வேலை செஞ்சிருக்குது மிஸ்," என்றாள். பையை அவளே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும், நடக்க முடிந்தவரை, மோகனாதான் மகளைக் கூட்டிப்போக வந்தாள். ஒருநாள் ரெஜினாவிடம் அவள் சொன்னாள், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முந்தின நாள் வீட்டில் ஊட்டிவிடும்போது, பழக்கத்தில், எருமக்குட்டி என்று கூப்பிட்டுவிட்டாளாம். குழந்தை கைதட்டிச் சிரித்ததாம்.

"அது எங்க மிஸ் சொல்றதாச்சே, நீங்க எப்டி கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

"மிஸ்கிட்டருந்துதான் கத்துக்கினேன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?" மோகனா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சோறு சூடு பாக்கறதையும் அப்டியே மிஸ் மாதிரி பண்றீங்கன்னா. சந்தோஷமா இருந்துது மிஸ். நெஜமாத்தான்."

அது நிஜமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கேட் பக்கம் யாரோ வந்ததால் பேச்சு நின்றுவிட்டது.

மழை தொடங்கிய சில நாட்களில் மோகனா போய்ச் சேர்ந்தாள். ரெஜினா மோகனா இருந்த குவார்ட்டர்ஸுக்குப் போனபோது போளூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். மோகனாவின் அக்கா சுலோச்சனா தலைமாட்டில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். தன்ஷிகா சுவரோரமாக நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினாவைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடிவந்து மடியில் உட்கார்ந்தாள்.

"எங்க அம்மா செத்துட்டாங்க மிஸ்," என்றாள். பிறகு, "நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்றாள்.

மோகனா கேட்டது அப்படியே நடந்தது. எள்ளளவும் பிசகவில்லை. சுற்றி இருந்த பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை பார், கல்நெஞ்சு, அப்பன் புத்தி, என்றார்கள். தூக்குகிற நேரத்தில் சுலோச்சனா குழந்தையைத் தலைமாட்டுக்கு இழுத்துப்போய் நிறுத்தினாள். அப்போதும் அழவில்லை என்றதும் தொடையில் கிள்ளினாள். தன்ஷிகா வலியில் அழுதாள். அழுகையைக் கேட்டுக் கூட்டம் ஓரளவு திருப்தியடைந்தது. ரெஜினாவால் அங்கே நிற்க முடியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு, பாய் தலையணையை எடுத்துக்கொண்டு போக சுலோச்சனா குழந்தையோடு பள்ளிக்கு வந்தாள். மதியம் கடந்து போளூருக்குப் போகிற ஒரு வேனில் சொல்லிவைத்திருந்தாள்.

"இங்கயே விட்டுட்டுப் போங்களேன்," என்றாள் ரெஜினா. முன்யோசனை இல்லாமல் வாயில் வந்துவிட்டது. "நான் பார்த்துக்கறேன். எனக்கு யாரும் இல்ல."

சுலோச்சனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தங்கச்சி புள்ள, எங்க ரத்தம். எனக்கு ரெண்டு இருக்குது, இது மூணாவதா வளரட்டும். உங்ககிட்ட எதுக்கு விடணும்?" அதில் கோபம் இல்லை. நியாயம்தான் இருந்தது.

ஊருக்குப் போகிறோம், இனி இந்தப் பள்ளிக்கு வரப்போவதில்லை என்பது தன்ஷிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ரெஜினாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீல் என்று கத்தினாள். "நான் போவல! மிஸ், வேணாம்னு சொல்லுங்க மிஸ்! நீங்க சொல்லுங்க மிஸ்!" முகமெல்லாம் கண்ணீர், மூக்கெல்லாம் சளி. மூச்சு முட்டுகிற அழுகை. ஒரு பிள்ளை தன் அம்மாவுக்காக மட்டுமே அழுகிற அழுகை.

"பாருங்க இத," என்றாள் சுலோச்சனா. "பெத்தவளுக்கு வராத தண்ணி டீச்சருக்கு வருது. இத்த நான் எப்டிங்க வளக்கறது? என் வூட்ல எல்லாரும் இத்த எப்டிப் பாப்பாங்க?"

ரெஜினா குழந்தையை விலக்கவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் நின்றாள். அங்கே நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது. அவளும் மோகனாவும் என்னென்னவோ நினைத்தார்கள், டீச்சர் என்பவளை விட்டு எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் போய்விடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. வருஷா வருஷம் கோடை விடுமுறையில் வகுப்பே காலியாவதைப் பார்க்கிறவள், அதை மறந்துபோயிருந்தாள்.

அவள் சுலோச்சனாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். குல்லாவை, முடிச்சை, மோகனா கேட்டதை, தான் ஒப்புக்கொண்டதை. சுலோச்சனா பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"அடிப் பாவிங்களா! சின்னப் புள்ள மனச வெச்சி இன்னா வெளயாட்டு இது? நான் கிள்ளினேனே! அது மேல ஒரு தப்பும் இல்லியே, நான் கிள்ளினேனே!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாத்த முடியுமா?" என்றாள்.

இர்ஃபான் ஒப்புக்கொள்ளவில்லை.

"மிஸ், அவங்க கடைசியா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்ணு அழக்கூடாதுன்னு. இப்ப நாமளே உட்கார்ந்து அழவைக்கணுமா?"

"அழுதுட்டுத்தானே இருக்கா."

"அது உங்களுக்காக. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"ஆகாதுப்பா," என்றாள் ரெஜினா. "செத்துப்போன அம்மா வரமாட்டா. ஏன் வரலைன்னு அந்தப் புள்ளைக்கு என்னைக்காவது புரியும். நான் உயிரோட இருக்கேன். நான் ஏன் வரலைன்னு என்ன நினைப்பா? மிஸ்ஸுக்கு நான் வேணாம்னு நினைப்பா. தன்கிட்டதான் ஏதோ தப்புன்னு நினைப்பா. தினமும் வாசலைப் பார்ப்பா. அங்க அவ யாருக்காக அழறான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அம்மாவுக்காக அழுதா, கூட உட்கார்ந்து அழ அவ பெரியம்மா இருக்கா."

இர்ஃபான் கீழே குனிந்து குல்லாவின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் ஒரே தடவையில திருப்பிக் கட்டணும்னா, சும்மா நிக்காது மிஸ். தூக்கம் முழுக்க அவங்க அம்மா மாதிரியே ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். அவங்க இல்ல."

"நான் இருக்கேன்," என்றாள் ரெஜினா. "அவதான் எனக்குச் சொல்லிக்குடுத்திருக்காளே."

சாப்பாட்டு நேரத்தில் அழுது ஓய்ந்த குழந்தைக்கு அவளே ஊட்டினாள். ஒவ்வொரு உருண்டையையும் உதட்டில் ஒற்றிப் பார்த்து ஊட்டினாள். தன்ஷிகா விசும்பிக்கொண்டே சாப்பிட்டாள்.

"என்னை அனுப்பமாட்டீங்கல்ல மிஸ்?"

ரெஜினா பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. "தூங்குடா கண்ணு," என்றாள்.

தூக்க அறையில் திரை போட்டிருந்தது. இர்ஃபான் குல்லாவை மாட்டினான். குழந்தை ரெஜினாவின் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனது. ரெஜினா தலையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். எருமக்குட்டி, எருமக்குட்டி, என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தாள், திட்டுகிற மாதிரி ஆரம்பித்துக் கொஞ்சுகிற மாதிரி முடித்தாள். வட்டத்தைச் சொன்னாள். நத்தைகளைச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க முடிக்க, விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. கடைசியில் கை தானாக விலகிப் பாயில் விழுந்தது. ரெஜினா அதை எடுத்து மறுபடி தன் விரலைச் சுற்றி வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

தன்ஷிகா விழித்தபோது முதலில் ரெஜினாவைத்தான் பார்த்தாள். "நல்லா தூங்கினேன் மிஸ்," என்றாள், மரியாதையாக. எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் அறையைச் சுற்றி வந்தன. அவள் எதையோ தேடினாள். கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறியது. பார்த்ததெல்லாம், சுவரோரமாக நின்று வேடிக்கை பார்த்ததெல்லாம், அவளுக்குள் இருந்தது. செத்துப்போனது தனக்கு யார் என்பது இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"அம்மா," என்றாள் மெதுவாக. அப்புறம் அலறினாள்.

ரெஜினா தன்னை அறியாமல் கையை நீட்டினாள். தன்ஷிகா அதைத் தட்டிவிட்டாள். "எனக்கு அம்மாதான் வேணும்! அம்மாகிட்டப் போவணும்!" வாசலில் நின்றிருந்த சுலோச்சனா ஓடிவந்து குழந்தையை வாரிக்கொண்டாள். அழுடி எஞ்சாமி, அழு, என்று சொல்லிச் சொல்லி அவளும் அழுதாள். குழந்தை பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தங்கையை இழந்தவளும் தாயை இழந்தவளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள். மற்ற பிள்ளைகள் எழுந்து மலங்க மலங்கப் பார்த்தன. ஆயா அவர்களை வெளியே ஓட்டிக்கொண்டு போனாள்.

வேன் வந்தது. சுலோச்சனா படியில் கால் வைத்துத் திரும்பி, ரெஜினாவை ஒருமுறை பார்த்தாள். கும்பிடலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "மிஸ்ஸுக்கு டாட்டா சொல்லும்மா," என்றாள். தன்ஷிகா தோளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வேன் கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் திரும்புகிறவரைக்கும் அழுகுரல் கேட்டது.

இர்ஃபான் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு வயது குறைவு, ஆறுதல் சொல்லத் தெரியாது, தெரிந்த ஒன்றைச் சொன்னான்.

"மிஸ், உங்க பக்கத்து முடிச்சையும் அவிழ்த்துடலாம். பெரியவங்களுக்கும் வேலை செய்யும். யாருக்கும் தெரியவேணாம். ஒரே ஒரு மத்தியானத் தூக்கம். அந்தப் பொண்ணு வகுப்புல இருந்த பத்தோட பதினொண்ணா ஆயிடுவா. வலிக்காது."

ரெஜினா தலையை ஆட்டினாள். "வேணாம்பா," என்றாள். "அவ முதல் வட்டம் போட்டதை நேர்ல பார்த்தவ நான் ஒருத்திதான். எனக்கும் அவ யாரோன்னு போயிட்டா, யாருமே பார்க்காத மாதிரி ஆயிடும்."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. கேட்டுக்குப் பக்கத்திலேயே, யூனிஃபார்ம் போட்ட பெண்கள் ஷிஃப்ட் மாறி வந்துகொண்டிருந்த வழியில், தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உள்ளே இருந்து ஒரு பையன் எட்டிப்பார்த்தான். அந்த மிஸ் ஏன் அழறாங்க என்று ஆயாவிடம் கேட்டான்.